பாணும் சீனிச் சம்பலும்: விடுதிக் குசினியின் ஒரு வரலாறு

நூற்றாண்டு மலர் என்றால் அதில் அதிபர்களின் வரிசை இருக்கும்; கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டுகள் இருக்கும்; வென்ற கிண்ணங்களின் கணக்கு இருக்கும். இம்மலரிலும் அவை முறைப்படி இடம்பெற்றுள்ளன. மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டது வேறொன்று. விடுதிப் பிள்ளைகள் என்ன உண்டார்கள், அந்த உணவு எங்கிருந்து வந்தது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். எழுத உட்கார்ந்தவர்கள் நாம் நால்வர். இருவர் யாழ்ப்பாணத்தவர், ஒருவர் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்து விடுதிக்கு வந்தவர், மற்றவர் அரச பணியின் நிமித்தம் வில்கமுவவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். புட்டு என்றால் ஒருவருக்கு அரிசிமாப் புட்டு, இன்னொருவருக்குக் குரக்கன் புட்டு. ரொட்டி என்றாலும் அப்படியே. நால்வருக்கும் ஒரேமாதிரி நினைவில் நின்றது பாணும் சீனிச் சம்பலும் மட்டும்தான்.

தோழியரே, நீங்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ இருந்து இதை வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து, பதினொரு மணிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுந்து வரும்போது, இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவே சீனிச் சம்பலையும் ஒரு சீஸ் துண்டையும் வைத்து, அடித்த முட்டையில் தோய்த்து, பட்டரில் பொன்னிறமாகப் பொரித்துக் கொடுக்கிறீர்கள். பிள்ளைகள் அதைப் 'பிரஞ்ச்' என்கிறார்கள். காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய அச்சொல்லை 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு சஞ்சிகையில் எழுதிப் பரப்பினார். 'சான்ட்விச்' அதற்கும் மூத்தது. வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிப்பன் 1762இல் தமது நாட்குறிப்பில் அச்சொல்லை எழுதி வைத்திருக்கிறார். பெயர்கள் இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. உள்ளே இருக்கும் பொருள்களின் கதை அப்படியல்ல.

போர்த்துக்கேயர் 1505இல் கொழும்புத் துறையில் வந்திறங்கியபோது, அவர்களைக் கண்டவர்கள் கோட்டை மன்னனிடம் ஓடிச்சென்று, வெள்ளை நிறத்து மனிதர் வந்திருக்கிறார்கள், அவர்கள் கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்று அறிவித்ததாக இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. கல் என்றது பாணை. இரத்தம் என்றது திராட்சை மதுவை. நாட்பட்ட கப்பல் பாணைக் கல்லென்று சொன்னதில் பிழையுமில்லை. விடுதியில் திங்கட்கிழமைக் காலைப் பாணைக் கடித்தவர்கள் எவரும் அந்தக் காவலாளிகளைக் குறைகூற மாட்டார்கள்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் போய்விட்டன, சொற்கள் எம் குசினியிலேயே தங்கிவிட்டன. பாண் போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடும் போறணையும் அவர்களிடமிருந்து வந்த சொல்தான். குசினி, மேசை, கோப்பை, பிஸ்கோத்து, அலமாரி, யன்னல் என்று எண்ணிக்கொண்டே போகலாம். காலையில் குசினி யன்னலைத் திறந்து, அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து, பாணை மேசையில் வைக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, தான் அறியாமலே அரைவாசி போர்த்துக்கேயம் பேசிவிடுகிறார்.

சம்பலின் வழி வேறு. அச்சொல் மலாய் மொழிக்குரியது. ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் மலாய் மக்கள் இங்கு வந்து சேர்ந்தார்கள். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அதற்கு முன் எம் முன்னோருக்கு உறைப்பு என்றால் மிளகுதான். சீனி என்ற பெயரே அது எந்த நாட்டுப் பொருளாகக் கருதப்பட்டது என்பதைச் சொல்லும். மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து தோணிகளில் வந்தது. அந்நாட்டு மொழியில் 'மஸ்' என்றால் மீன். பதினான்காம் நூற்றாண்டில் அத்தீவுகளில் தங்கியிருந்த இபுன் பதூதா, மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்தும் முறையை எழுதியிருக்கிறார். கறுவா மட்டும்தான் இந்த மண்ணுக்கே உரியது. அதைத் தேடித்தான் மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பார்த்தவர்கள் பறங்கியர் வீட்டுப் பெண்கள் என்றே நாம் கருதுகிறோம். வாழையிலையில் பொதிந்து சுடும் 'லம்ப்ரைஸ்' சோற்றுக்கு ஒரு பக்கத்தில் சீனிச் சம்பலும் இருக்கும். நத்தார்க் காலையில் அவர்கள் இனிப்பான 'புரூடர்' பாணை வெட்டிப் பட்டரும் உப்பான எடம் சீஸும் வைத்து உண்பார்கள். இனிப்புப் பாணும் உப்புச் சீஸும் சேர்ந்த காலை உணவு, பிரஞ்ச் என்ற சொல் இலங்கைக்கு வருவதற்கு முன்பே இங்கு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி விடுதிக்கு வருவோம். பெண்பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே தங்கவைத்துப் படிப்பிப்பது எம்மவரிடையே எளிதில் நடந்த காரியமல்ல. அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதன் முதல் தலைவி. எழுத்தறிவைவிடப் பெற்றோருக்குப் பெரிய கவலை சோறுதான். யார் சமைத்தது, யார் பரிமாறியது, பக்கத்தில் இருந்து உண்டது யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விகள் முதலில் எழுந்தன. மிசன் வளவில் ஒருவாய் உண்டால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. போறணைப் பாணும் அதே ஐயத்துக்கு உள்ளானது. மாவைப் பிசைந்த கை எவருடையது என்று தெரியாது. மாவைப் பொங்கவைக்கக் கள்ளு ஊற்றுவார்கள் என்ற பேச்சு வேறு. கோவாவில் போர்த்துக்கேயர் ஈஸ்ட் கிடையாமல் கள்ளைக் கொண்டுதான் பாண் சுட்டார்கள். எம் வீட்டு அப்பத்துக்கும் கள்ளு விட்டுத்தான் மாப் புளிக்கவைத்தார்கள். அப்பத்துக்கு ஆகும், பாணுக்கு ஆகாது என்பது எந்த நியாயமோ தெரியவில்லை.

1929இல், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அதைத் தொடர்ந்து சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. எம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. பழைய அறிக்கைகளில் தேநீர் விருந்து என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். அந்த விருந்தில் யார் யாருடன் ஒரே வாங்கில் இருந்து ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்டார்கள் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதும் ஒரு செய்திதான். பாணுக்கு இதில் ஒரு வசதி இருந்தது: அதற்குப் பந்தி கிடையாது, இலை போடத் தேவையில்லை, பரிமாற ஆள் தேவையில்லை. சோற்றுப் பந்தியில் சேர்ந்திருக்க மறுத்தவர்கள் சான்ட்விச் தட்டை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார்கள் என்று எம் மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அதே 1929இல்தான் ஹில்டா டொய்ட்ரொம் அம்மையார் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் முதற்பதிப்பாக வெளிவந்தது. பின்னர் எத்தனையோ பதிப்புக் கண்டு, ஆங்கிலம் படித்த வீடுகளின் குசினி அலமாரிகளில் அது இடம்பிடித்தது. மனையியல் வகுப்பு எமக்குக் கற்றுத் தந்ததும் அந்த வழிதான். ஓரம் வெட்டி, முக்கோணமாக நறுக்கி, வெள்ளரிக்காய் வைத்து, ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். பரீட்சைக்கு அது. வெட்டிய ஓரங்களைச் சேர்த்துச் சீனிச் சம்பலோடு தின்றது பரீட்சை முடிந்த பிறகு. எது சுவையாக இருந்தது என்று கேட்கவும் வேண்டுமா?

பாண் எம் நாட்டின் அன்றாட உணவானது போரினால். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அந்த இடைவெளியைக் கோதுமை மா நிரப்பியது. கோதுமை விளையாத நாடு ஒன்று இப்படித்தான் பாண் தின்னப் பழகியது. போர் முடிந்தும் பழக்கம் விடவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரசியல் நூல்கள் அரிசி விலையைத்தான் பெரிதாக எழுதுகின்றன. நடந்து வந்து வெறும் வயிற்றோடு வாங்கிலில் இருந்த பிள்ளைக்கு, நின்றுபோன மதிய உணவு அரிசி விலையைவிடப் பெரியது.

1973, 74ஆம் ஆண்டுகளைப் பற்றி எழுத எம்மில் இருவருக்கு இன்றும் கை தயங்குகிறது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு குறைந்தது. விடியுமுன்னே பாண் வரிசைகள் நீண்டன. விடுதியில் மரவள்ளிக் கிழங்கும் வத்தாளைக் கிழங்கும் மாறி மாறி வந்தன. பாண் கிடைத்த நாளில் ஒரு இறாத்தல் எத்தனை துண்டாகும் என்பதை மேட்ரன் அம்மா கத்தியை வைத்து அளந்து பார்ப்பார். 450 கிராம் கொண்ட அந்த இறாத்தலை அவர் வெட்டிய மெல்லிசுக்கு, துண்டின் ஊடாக யன்னல் தெரியும் என்பது எம் காலத்துப் பகிடி. அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். அங்கே கோதுமை மா ரொட்டிதான் நாளாந்த உணவு. மா இல்லையென்றால் வேறொன்றும் இல்லை. மாத்தளையிலிருந்து வந்த எம் தோழி விடுமுறைக்குப் போய்த் திரும்பியபோது, வழக்கமாக வீட்டிலிருந்து கொண்டுவரும் சம்பல் போத்தல் இல்லாமல் வந்தார். அவரிடம் ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அன்றிரவு மற்றவர்களின் போத்தல்களிலிருந்து ஆளுக்கொரு கரண்டியாக அவர் தட்டுக்குப் போனது. இதை எழுதுவதற்கு அவர் இப்போது சம்மதம் தந்தார். அவரும் எம் நால்வரில் ஒருவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைநிமிர்ந்தார்கள். செம்மண் தோட்டங்களில் இறைத்த நீர் பணமானது. எம்முடன் படித்த பலருக்கு விடுதிக் கட்டணத்தை அந்த வெங்காயம்தான் கட்டியது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த வாழ்வு ஆட்டம் கண்டது. பாணுக்கு மட்டும் மாத் தாராளமாயிற்று. திருகோணமலையில் பிறீமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. பட்டினி ஆண்டுகளில் மிளகாய் வித்துப் படித்த பிள்ளையும் மா இல்லாமல் வந்த பிள்ளையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். ஒரே சட்டம் ஒரு வீட்டில் விளக்கேற்றி இன்னொரு வீட்டில் அடுப்பை அணைத்ததை நாம் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

பின்னர் வந்த காலத்தில் விளக்குக்கே பஞ்சம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் துளித்துளியாகக் கிடைத்தது. அப்போது ஜாம் போத்தலில் சிறு திரி வைத்துச் சிக்கன விளக்குச் செய்தார்கள். முன்பு சீனிச் சம்பல் நிறைத்து விடுதிக்கு அனுப்பிய அதே போத்தல்கள். எங்கள் தங்கைமார் அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். இன்று மருத்துவராக இருக்கும் ஒருவர், அந்த விளக்குப் போத்தலைக் கழுவித் தேய்த்து வீட்டில் வைத்திருக்கிறார். சம்பல் போடுவதில்லை என்கிறார்.

வில்கமுவவுக்கு வருகிறோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அது. மாத்தளை நகரிலிருந்து போவதென்றால் இடையே நக்கிள்ஸ் மலைத்தொடர் மறித்து நிற்கும். ஒரு பக்கம் மகாவலி. மினிப்பே இடதுகரைக் கால்வாய் கொண்டுவரும் நீரில் வயல்கள். அருகே 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவைக் காடு. நெல் மூட்டை வைத்த வீட்டின் சுவரை யானை இரவில் வந்து தள்ளுவது அங்கே செய்தியே அல்ல. பெரும்பாலும் சிங்களக் கமக்காரக் குடும்பங்கள் வாழும் ஊர். எம் தோழி அங்கு பணிக்குப் போனபோது சிங்களம் அரைகுறை, சமையல் முழுமை.

அங்கே அவர் கண்டது, பிரஞ்ச் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சோம்பேறிகளின் உணவு அல்ல என்பதை. அறுவடைக் காலத்தில் விடியுமுன் வெறும் தேநீரோடு வயலில் இறங்குகிறவர்கள் பத்து மணிக்குத்தான் வரம்பில் உட்கார்ந்து உண்கிறார்கள். பாற்சோறு வரும். அதனுடன் உப்பும் உறைப்புமாக வெங்காயம் இடித்த கட்டைச் சம்பல். பக்கத்தில் கித்துள் கருப்பட்டித் துண்டும் வாழைப்பழமும். ஒருவாய் உறைப்பு, ஒருவாய் இனிப்பு. சில நாள் பாற்சோற்றுக்குப் பதில் பாண். மாலையில் பெத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு முச்சக்கரவண்டிப் பேக்கரி வரும். மாலுப் பாணும் கிம்புலா பணிஸும் அதில் இருக்கும். எம் தோழி தமது முட்டை தோய்த்த சீனிச் சம்பல் சான்ட்விச்சைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தபோது, அவர் தின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் கித்துள் பாணிப் போத்தலோடு திரும்பி வந்தாராம். பாணுக்கு மேல் பாணி. இப்போது நால்வர் வீட்டிலும் அதுதான் வழக்கம். அமெரிக்கர் இதே மாதிரிச் சான்ட்விச்சைப் பொரித்து ஜாமோடு தின்று 'மொன்ரி கிறிஸ்ரோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுடையது வில்கமுவப் பெயரோடே இருக்கட்டும்.

செய்முறை கேட்டுப் பலர் எழுதியிருந்ததால் அதையும் தருகிறோம். அரைக் கிலோ பெரிய வெங்காயம். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து மாத்தளை வெங்காயம் ஆகஸ்ட், செப்டெம்பரில் கிடைத்தால் நல்லது. பிறநாட்டில் சிவப்பு வெங்காயம் போதும். மெல்லிய சீவலாக வெட்டுங்கள். தாச்சியில் நான்கு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு துண்டுக் கறுவா, இரண்டு ஏலக்காய், இரண்டு கராம்பு, கறிவேப்பிலை, ரம்பைத் துண்டு போட்டு, வாசம் வந்ததும் வெங்காயத்தையும் உப்பையும் சேருங்கள். தீ குறைவாக இருக்கட்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கிளற வேண்டும். வெங்காயத்தின் நீர் வற்றி, அதன் சொந்த இனிப்பு வெளிப்பட்டுச் செம்பழுப்பாக வேண்டும். அதன்பிறகு ஒரு மேசைக்கரண்டி செத்தல் மிளகாய் இடித்தது, இரண்டு மேசைக்கரண்டி மாசித்தூள், சின்ன எலுமிச்சங்காய் அளவு பழப்புளியின் கரைசல். எல்லாம் வற்றியதும் கடைசியாகத்தான் ஒன்றரை மேசைக்கரண்டி சீனி. முதலிலேயே போட்டால் அடிப்பிடித்துக் கருகிக் கசக்கும். எண்ணெய் பிரிந்து மினுங்கினால் இறக்கலாம். சைவ வீடுகளில் மாசி இல்லாமல் உப்பையும் புளியையும் சற்றுக் கூட்டிச் செய்வார்கள். விடுதியில் இரண்டு வகைப் போத்தல்களுக்கும் மூடியில் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தோம்.

பாண் முதல்நாள் பாணாக இருக்க வேண்டும். அன்று சுட்ட பாண் முட்டையில் ஊறிப் பிய்ந்துவிடும். ஒரு துண்டில் சம்பலை ஓரம்வரை பூசாமல் நடுவில் பரப்பி, மேலே சீஸ் வைத்து, மற்றத் துண்டால் மூடி அழுத்துங்கள். சம்பல் வெளியே கசிந்தால் அதிலுள்ள சீனி தாச்சியில் கருகும். இரண்டு சான்ட்விச்சுக்கு ஒரு பெரிய முட்டை, இரண்டு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை மிளகுத்தூள். ஊறவிடாமல் இருபுறமும் தோய்த்து எடுத்து, பட்டரும் சிறிது எண்ணெயும் சேர்ந்த தாச்சியில் மிதமான தீயில் பொரியுங்கள். சீஸ் உருகும் நேரமும் முட்டை சிவக்கும் நேரமும் ஒன்றாக வர வேண்டும். குறுக்காக வெட்டி, கித்துள் பாணியைத் துளித்துளியாக விடுங்கள். கித்துள் கிடைக்காத ஊரில் கனடாக்காரரின் மேப்பிள் பாணி அதற்கு மிக நெருங்கிய உறவு.

மிச்சச் சம்பலை நன்றாக ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒன்றும் ஆகாது. எடுக்கும்போது ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள்.